சுற்றிப் போகும் வழி

நல்லம்பள்ளியில் செவ்வாய்க்கிழமை சந்தை. விடிவதற்கு முன்பே ஆட்டு வண்டிகள் வர ஆரம்பித்துவிடும். மினி லாரியின் பின்கதவை இறக்குகிற சத்தம், இறங்க மறுக்கிற கிடாயின் கத்தல், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்களின் சலசலப்பு எல்லாம் தெருக்கோடி வரை கேட்கும். தீபாவளி நெருங்கினால் கூட்டம் இன்னும் பெருகும். ஊருக்கு அது வியாபாரக் கிழமை. செவலைக்கும் எனக்கும் அது வாசல் தாண்டாத கிழமை. அன்றைக்கு அவனை வெளியே கூட்டிப் போவதில்லை. மொட்டை மாடியில் பழைய கோணிப்பையை விரித்து, மடிப்புக்குள் வேகவைத்த ஈரல் துண்டுகளை ஒளித்து வைத்து, மோந்து தேட விடுவேன். மூக்கைப் போட்டு அரை மணி நேரம் தேடினால் நடந்து வந்த அலுப்பு வந்துவிடும். நிழலில் சாய்ந்து தூங்கிவிடுவான்.

செவலை நாட்டு நாய். செம்மண் நிற உடம்பு, கரி பூசிய மூஞ்சி, வலது காது மட்டும் பாதியில் மடிந்திருக்கும். வீட்டுக்குள் அவனைவிடச் சாது கிடையாது. கயிற்றை மாட்டித் தெருவில் இறங்கினால் வேறு ஆள். எதிரே இன்னொரு நாய் வந்தால் போதும். குடை பிடித்த பாட்டி, தலையில் புல்லுக்கட்டோடு வருகிறவர், புல்லட் வண்டி, திடீரென்று ஓடுகிற பிள்ளை, எதுவானாலும் பின்னங்காலில் எழும்பிக் குரைப்பான். தோள்பட்டை கழலும்படி இழுப்பான். இப்படிப்பட்ட நாயை ரியாக்டிவ் என்பார்கள் பயிற்சியாளர்கள். கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறவர்களுக்கு அது கடிக்க வருகிற நாய், அவ்வளவுதான்.

அவனோடு நடந்து நடந்து நான் தெரிந்துகொண்டது இது: அந்தக் குரைப்பு பெரும்பாலும் பயத்தின் குரல். 'கிட்ட வராதே, தள்ளிப் போ' என்று சொல்ல அவனுக்கு இருக்கிற வழி அது. அவிழ்த்துவிட்ட நாய் பயந்தால் ஒதுங்கி ஓடலாம். கட்டப்பட்ட நாய்க்கு ஓட இடமில்லை. மிரட்டித்தான் எதிராளியைத் தள்ளி வைக்க வேண்டும். மிரட்டினால் பலனும் கிடைக்கிறது. தபால்காரர் வருகிறார், இவன் குரைக்கிறான், அவர் போய்விடுகிறார். அடுத்த வீட்டுக்குத் தபால் கொடுக்கத்தான் போனார் என்பது இவனுக்குத் தெரியாது. குரைத்ததால் போனார் என்று மனதில் பதிகிறது. அது தினமும் பதிகிறது.

'தள்ளிப் போ' என்று நினைக்கிறபோதெல்லாம் அப்பா குரல் காதில் வரும். தொப்பூர் மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு பட்டி ஆடு இருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் கூடப் போவேன். மணி என்று ஒரு கறுப்பு நாய் எங்களோடு வரும். பாதையில் இன்னொரு பட்டி எதிரே வருவது தெரிந்தால் அப்பா தொலைவிலேயே நின்றுவிடுவார். அவர்களிடமும் இரண்டு மூன்று நாய் இருக்கும். கோலைப் பக்கவாட்டில் நீட்டி, ஆடுகளை மடக்கி, வேல மரங்களுக்கு அந்தப் பக்கமாகப் பெரிய வளைவு எடுத்துத் திருப்புவார். "நேரா போவாத பாப்பா, சுத்திப் போ. நாயும் நாயும் மூஞ்சியப் பாத்துக்கிட்டா வம்பு" என்பார். மணி தரையை மோந்துகொண்டே நடக்கும். எதிர்ப்பக்கத்து நாய்களும் தலையைத் திருப்பிக்கொண்டு எதையோ மோக்கும். கடந்து போன பிறகு ஒரு நாய் உடம்பை உதறும், இன்னொன்று கொட்டாவி விடும். சண்டை என்று ஒன்று நடந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

நார்வேயைச் சேர்ந்த டூரிட் ருகாஸ் என்ற பயிற்சியாளர் நாய்களின் இந்தச் சைகைகளைத் திரட்டி எழுதியிருக்கிறார். முகத்தைத் திருப்புவது, மூக்கை நக்குவது, தரையை மோப்பது, கொட்டாவி விடுவது, நேராக வராமல் வளைந்து வருவது எல்லாம் நாய்கள் ஒன்றையொன்று சமாதானப்படுத்தும் முறைகள் என்கிறார். அதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் கோல்தான் கண்ணில் வந்தது. அவர் எந்தப் புத்தகமும் படித்தவரில்லை. நாய்க்கு வளைவு வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வளைந்து போக அன்றைக்கு இடமும் இருந்தது.

எங்கள் தெருவில் அது இல்லை. இரண்டு பக்கமும் வீட்டுப்படி தெருவுக்குள் இறங்கி நிற்கும். ஒரு பக்கம் பைக், இன்னொரு பக்கம் செங்கல் குவியல். எதிரே ஒரு நாய் வந்தால் நேருக்கு நேராகத்தான் போக வேண்டும். நாய்களின் வழக்கத்தில் அது மிரட்டல். சங்கிலியைப் பிடித்திருக்கிறவர் பதறி இழுத்துப் பிடித்தால் கழுத்து இறுகும். எதிரே நாய் தெரிந்தால் கழுத்து வலிக்கும் என்று அடுத்த பாடமும் சேர்ந்துவிடும். அதனால்தான் செவலைக்குக் கழுத்துப் பெல்ட்டில் சங்கிலி மாட்டுவதில்லை. நெஞ்சைச் சுற்றிப் போடுகிற ஹார்னஸ், அதில் நீளமான பருத்திக் கயிறு. அந்தக் கயிறு தளர்ந்து தொங்குகிறதா என்பதில்தான் எப்போதும் என் கவனம்.

செவலை பிறந்தது 2020 ஊரடங்கில். மார்ச் 24 இரவு அறிவிப்பு வந்ததற்குப் பிறகு எங்கள் ஊர் கேட்ட அமைதியை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நல்லம்பள்ளி, தர்மபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் சுமார் பத்துக் கிலோமீட்டரில் இருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது; வயதானவர்கள் இன்னும் பழைய கணக்கில் ஏழாம் நம்பர் ரோடு என்பார்கள். ராத்திரி பகல் என்று பார்க்காமல் லாரி ஓடுகிற ரோடு. அது ஓய்ந்தது. தொப்பூர் கணவாயில் இறங்குவதற்கு முன் கியர் மாற்றுகிற லாரிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய எங்களுக்கு அந்த மௌனத்தில் தூக்கம் வரவில்லை. பூட்டிக் கிடந்த டீக்கடையின் பெஞ்சுக்கடியில் ஒரு தெருநாய் குட்டி போட்டது. பிழைத்த ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்தோம்.

அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஸ்காட், புல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். பிறந்து 3 வாரத்திலிருந்து 12 வாரம் வரையிலான காலத்தில் குட்டி எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ, அதையெல்லாம் உலகத்தின் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டவற்றில் முக்கியமானது. அந்தக் கதவு மெல்ல மூடுகிறது. அதற்குப் பிறகு பார்க்கிற புதிய உருவம் ஒவ்வொன்றும் முதலில் சந்தேகம்தான். செவலையின் அந்த வாரங்கள் முழுக்க ஊரடங்கிலேயே போயின. எங்கள் வீட்டு முகங்கள், வேப்பமரம், காக்கை, பால் பாத்திரம். அவன் உலகம் அவ்வளவுதான். வண்டிகள் திரும்ப ஓடியபோது, பள்ளிப் பிள்ளைகள் பை குலுங்க ஓடியபோது, சந்தை கூடியபோது அவன் வளர்ந்த நாய். எங்கிருந்தோ ஒரு ஊரே திடீரென்று வந்து அவன் மேல் இறங்கியது. உலகம் முழுக்க ஊரடங்கில் வளர்ந்த குட்டிகள் பலவற்றுக்கு இதே கதை.

அதியமான்கோட்டை எங்களுக்குப் பக்கம். அங்கே காலபைரவர் கோயில். அதியமான் கட்டியது என்று ஊர் சொல்லும். தகடூர் என்று பெயர் இருந்த காலத்துக் கதைகள் இந்தப் பக்கம் எல்லாக் கல்லோடும் ஒட்டிக் கிடக்கின்றன. தேய்பிறை அஷ்டமி அன்று கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கூட வண்டி பிடித்து வருவார்கள். சாம்பல் பூசணியைப் பிளந்து எண்ணெய் ஊற்றி விளக்கேற்றுவார்கள். பைரவருக்கு வாகனம் நாய் என்பதால் கோயில் பக்கம் திரிகிற நாய்களுக்கும் அன்று பிஸ்கட்டும் தயிர்சாதமும் கிடைக்கும். நான் போகிறபோது சாமியைப் பார்த்த கையோடு அந்த நாய்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அத்தனை கால்களுக்கு நடுவே, மணிச் சத்தத்துக்கு நடுவே, ஒருக்களித்துப் படுத்துத் தூங்கும். ஒரு குழந்தை வாலைத் தாண்டிக் குதித்தால் ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொள்ளும். அவை கூட்டத்துக்கு நடுவே பிறந்து, கூட்டத்துக்கு நடுவே கண் விழித்தவை. செவலைக்கும் அவற்றுக்கும் ஜாதியில் வித்தியாசமில்லை. கண் திறந்து கண்ட முதல் சில வாரங்களில்தான் வித்தியாசம்.

அவனைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஏதாவது யோசனை சொன்னார்கள். "நாலு சாத்து சாத்துங்க அக்கா, தானா அடங்கிடும்" என்றார் பக்கத்துத் தெருக்காரர். அன்பில் சொன்னதுதான், அவர் வீட்டில் அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். அடித்தால் சில நாய் அடங்கும். அடங்குவது சத்தம் மட்டும். உறுமுவது நாய் கொடுக்கிற எச்சரிக்கை. உறுமினால் அடி விழும் என்று தெரிந்துகொண்ட நாய் உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. ஒரு நாள் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் பல் படும். அப்புறம் 'சும்மா இருந்த நாய் திடீர்னு கடிச்சிடுச்சி' என்பார்கள். இதைத் தெருவில் நின்று பலரிடம் பொறுமையாகச் சொல்லியிருக்கிறேன். இனியும் சொல்வேன்.

பாவ்லோவின் நாய்கள் என்றால் மணியடித்ததும் எச்சில் ஊறிய கதைதான் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மறக்காதது வேறு. 1924 செப்டம்பரில் லெனின்கிராடு நகரத்தை வெள்ளம் சூழ்ந்தது. பாவ்லோவின் நாய்கள் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டன. தண்ணீர் ஏற ஏற, கூண்டின் மேல்தட்டில் மூக்கை வைத்து மூச்சு விட்டபடி நீந்திக்கொண்டிருந்தன. கதவு கீழே இருந்ததால், காப்பாற்ற வந்தவர்கள் அவற்றைத் தண்ணீருக்குள் அமிழ்த்தித்தான் வெளியே இழுக்க வேண்டியிருந்தது. பிழைத்த நாய்களில் சில, கற்றதையெல்லாம் மறந்துவிட்டன. பிறகு அவற்றில் ஒன்று இருந்த அறைக்குள் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். அந்த நாய் மறுபடி நடுங்கிப்போயிற்று. பயம் உடம்பில் எப்படித் தங்குகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. தெருவில் ஒரு குடை விரிந்ததும் செவலை துள்ளுகிறபோது, அவனுக்குள் எந்தத் தண்ணீர் கசிகிறதோ என்று நினைத்துக்கொள்வேன்.

அதே பாவ்லோவிடம்தான் மருந்தும் இருக்கிறது. மணிக்குப் பின்னால் சோறு வந்தால் மணியே பிடித்துப்போகும். குடைக்குப் பின்னால் ஈரல் வந்தால் குடையும் மெல்லப் பிடித்துப்போகும். வரிசைதான் முக்கியம். முதலில் குடை, அப்புறம் ஈரல். மாற்றிச் செய்தால், ஈரலைக் கண்டாலே எங்கேயோ குடை வரப்போகிறது என்று அஞ்ச ஆரம்பிக்கும். குடை மறைந்ததும் ஈரலும் நின்றுவிட வேண்டும். இதெல்லாம் ஒரு தூரத்தில்தான் நடக்கும். அந்தத் தூரத்தில் அவனுக்குக் குடை தெரிய வேண்டும், பயம் தலைக்கு ஏறக் கூடாது. எப்படிக் கண்டுபிடிப்பது? ஈரலை வாங்குகிறானா என்று பார்த்தால் போதும். உயிருக்கு உயிரான ஈரலை மூக்குக்கு முன்னால் நீட்டியும் தெரியாதவனாக நின்றால், நாம் மிஞ்சி வந்துவிட்டோம். திரும்பிவிட வேண்டும்.

மறுபடி அப்பாவின் கோலுக்கே வந்து நிற்கிறேன். நாய்ப் பயிற்சி என்ற பெயரில் நான் செய்வதெல்லாம் அவர் காட்டிய வளைவைத் தினமும் எடுப்பதுதான்.

எங்களுக்கு வாய்த்த இடம் சர்வீஸ் ரோட்டைத் தாண்டி, மாந்தோப்பு வேலியை ஒட்டிப் போகிற மண்பாதை. ஒரு பக்கம் சாமந்தித் தோட்டம், இன்னொரு பக்கம் ராகி அறுத்த காடு. நாங்கள் போவது விடியற்காலை, சிவாடிப் பக்கமிருந்து ரயில் சத்தம் கேட்கிற நேரம். அந்த நேரத்தில் அந்த வழியாக டி.வி.எஸ். பிப்டியில் பால் கேன் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வருவார். தலையில் வெள்ளை உருமால். செவலைக்கு உருமாலும் ஆகாது, வண்டிச் சத்தமும் ஆகாது.

ஒரு நாள் காலையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். வண்டிச் சத்தம் எனக்குக் கேட்பதற்கு முன்பே அவன் காதில் விழுந்துவிட்டது. மடிந்த காதும் நிமிர்ந்தது. திறந்திருந்த வாய் பட்டென்று மூடியது. உடம்பின் எடை முன்னங்காலுக்குப் போனது. பிடரியில் ஒரு கோடாக மயிர் எழுந்தது. கயிறு இன்னும் தளர்வாகவே இருந்தது. நான் பாதையை விட்டு ராகிக் காட்டுக்குள் இறங்கி நின்றேன். அவனும் இறங்கினான். திருப்பத்தில் உருமால் தெரிந்தது. நான் எதுவும் பேசவில்லை. அவன் பார்த்தான். நிறையப் பார்த்தான். பிறகு மூக்கை ஒரு முறை நக்கிக்கொண்டு, தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தான். "பார்த்தியா, நல்ல பையன்" என்று ஈரலைக் கொடுத்தேன். மறுபடி உருமாலைப் பார்த்தான், மறுபடி என்னை. வண்டி கடந்து போகிற வரைக்கும் அவனாகவே பார்ப்பதும் திரும்புவதும், நான் கொடுப்பதும். வண்டி போனதும் உடம்பை முழுக்க உதறிவிட்டு, அறுத்த தாளில் மூக்கை நுழைத்தான். லெஸ்லி மெக்டெவிட் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் இதை ஒரு விளையாட்டாகவே சொல்லித்தருகிறார்: பயமுறுத்துவதைப் பார், பிறகு என்னைப் பார், கூலி வாங்கிக்கொள். அந்தக் காலையில் அவன் குரைக்கவில்லை என்பதைவிட, என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டான் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. மனம் நிறைந்து வீடு வந்தேன்.

எல்லாக் காலையும் அப்படி அமையாது. முதல் நாள் இரவு தெருவில் பட்டாசு வெடித்திருக்கும். காலையில் கேஸ் சிலிண்டர் வண்டி வந்திருக்கும். வாசலில் பூனை ஓடியிருக்கும். அதற்குப் பிறகு நேற்று பொறுத்த அதே உருமாலை இன்று பொறுக்க மாட்டான். அடுப்பில் பால் காய்கிற மாதிரிதான். பொங்கும்போது தெரிகிறது, ஆனால் சூடு ஏறியது முன்பே. பதற்றத்தில் சுரக்கிற ரசாயனம் உடம்பிலிருந்து இறங்கச் சில மணி நேரம் ஆகும். பெரிய அதிர்ச்சி என்றால் ஒன்றிரண்டு நாளும் ஆகலாம். அப்படிப்பட்ட நாளில் நடை வேண்டாம். மாடியும் கோணிப்பையும் போதும். நாயைத் தினம் நடத்தியே தீர வேண்டும் என்கிறவர்களிடம் நான் சொல்வது, சில நாளில் நடக்காமல் இருப்பதும் பயிற்சிதான்.

வலி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காதில் புண், இடுப்பு மூட்டில் வலி, பல் கோளாறு இருந்தால் நாய் எரிந்து விழும். அதைப் பயிற்சியால் தீர்க்க முடியாது. கால்நடை மருத்துவரிடம் காட்டி, உடம்பில் குறை இல்லை என்று தெரிந்துகொண்டுதான் ஈரல் டப்பாவைத் தூக்க வேண்டும். பயம் மிகவும் முற்றிய நாய்க்கு மருத்துவர் மாத்திரையும் கொடுப்பார். அது மயக்கி வைக்க அல்ல, கற்றுக்கொள்ளும் அளவுக்கு மனதை இறக்கி வைக்க.

எங்களுக்குப் பெரிய சோதனை அவிழ்ந்து திரிகிற நாய்கள். ஆளிடம் 'தள்ளி நில்லுங்க' என்று சொல்லலாம், நாயிடம் சொல்ல முடியாது. வீட்டு முற்றத்தில் பழக்கிவைத்த ஒரு சொல் அப்போது கைகொடுக்கும். "திரும்பு" என்றால் அவன் என்னோடு சேர்ந்து திரும்பி நடப்பான். எதிரே எதுவும் இல்லாத நேரத்தில் ஆயிரம் தடவை விளையாட்டாகச் செய்தது. நிறுத்தி வைத்த டிராக்டருக்குப் பின்னால் ஒதுங்குவோம். வருகிற நாய்க்கு ஒரு கை பிஸ்கட்டைத் தூரமாக வீசுவேன். அது பொறுக்குகிற நேரத்தில் நாங்கள் வளைந்து போய்விடுவோம்.

செங்கம் பக்கம் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் மாடு பிடிக்க வந்தவர்களோடு போரிட்டு இறந்திருக்கிறான். அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய். கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி, அது கள்ளர் இருவரைக் கடித்ததையும் கல்லில் பொறித்திருக்கிறார்கள். எங்கள் தர்மபுரி அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் நிறைய. ஆநிரை கவர்வதும் மீட்பதுமாக இருந்த மண் இது. புதிய ஆளைக் கண்டதும் மயிர் சிலிர்த்து எழுந்து குரைக்கிற குணத்தைத்தான் இங்கே தலைமுறை தலைமுறையாக நாயிடம் விரும்பியிருக்கிறோம். கோவிவனுக்குக் கல் நட வைத்த குணம்தான் செவலையிடமும் இருக்கிறது. அன்றைக்குப் புதிய ஆள் எப்போதோ ஒரு முறை வந்தான்; அவன் வருவதை மைல் தொலைவிலேயே நாய் மோந்துகொண்டது. இன்றைக்கு அரை மணி நேரத்தில் நூறு பேர் கை எட்டும் தூரத்தில் கடக்கிறார்கள். நாயின் ரத்தம் அதே ரத்தம். அதைச் சுற்றியிருந்த வெட்டவெளிதான் போய்விட்டது.

எதிர் வீட்டுப் பெண்ணின் பயத்தையும் நான் அறிவேன். அவள் பிள்ளையை வெளியூரில் ஒரு நாய் கடித்திருக்கிறது. செவலையின் சத்தம் கேட்டாலே பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாள். 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைப் பிடித்து அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு, அதே மாதம் 22ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக் கூடாது என்று சொன்னபோது, ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. டீக்கடையிலும் அதே பேச்சு. நான் இரண்டு பக்கமும் நிற்கிறேன். பயந்த பிள்ளையும் பயந்த நாயும் கேட்பது ஒன்றையேதான்: எனக்கும் அதற்கும் நடுவே கொஞ்சம் இடம் வேண்டும்.

அதனால் செவலைக்கு ஆண்டு தவறாமல் வெறிநாய்த் தடுப்பூசி. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் வாய்க்குக் கம்பிக்கூடை. கூடைக்குள் தயிரைத் தடவி, அவனே மூக்கை விட்டு நக்கும்படி பழக்கியதால், இப்போது கூடையை எடுத்தாலே வாலாட்டுவான். மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் அதில் தாராளமாக இடம் உண்டு. எந்த நாய் கடித்தாலும் செய்ய வேண்டியதை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கவே கற்றுக்கொடுத்திருக்கிறேன்: குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவணும், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும், முதல் நாள் போட்ட ஊசிக்குப் பிறகு 3, 7, 28ஆம் நாள் ஊசிகளை விடக் கூடாது. வெறிநோய் வந்தபின் பிழைப்பது அநேகமாக இல்லை. வருவதற்கு முன் தடுப்பது நம் கையில் முழுக்க இருக்கிறது.

தீபாவளிக்கு எங்களுக்கென்று ஒரு ஏற்பாடு. பட்டாசுக்குத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஊர் அதற்குள் அடங்குவதில்லை என்றாலும், விடிவதற்கு முந்திய இருட்டில் கொஞ்சம் அமைதி கிடைக்கும். அப்போது ராகிக் காட்டுக்கு ஒரு நடை. பிறகு நாள் முழுக்கச் சாமான் அறையில் மெத்தை, மின்விசிறி, சத்தமாக வானொலி. பயந்து ஒட்டிக்கொள்ள வந்தால் அணைத்துக்கொள்வேன். தட்டிக்கொடுத்தால் பயம் வளரும் என்பார்கள். அணைப்பதால் பயம் வளராது. பிள்ளைக்கு எப்படியோ அப்படியேதான் நாய்க்கும்.

மாந்தோப்புக்கு அடுத்த காட்டில் இப்போது மஞ்சள் அடித்த கல் நட்டிருக்கிறார்கள். பிளாட். இனி அங்கேயும் தெரு வரும், வீடு வரும், வாசற்படி வரும். நல்லம்பள்ளி தாலுகா தலைமையிடமான பிறகு ஊர் வேகமாகப் பெருகுகிறது. பெருகட்டும், பிழைப்பு அதில்தான். ஆனால் தெரு போடும்போது ஓரத்தில் நாலடி விட்டால், பூங்கா என்று காகிதத்தில் காட்டிய இடத்தை நிஜமாகவே பூங்காவாக வைத்தால், பள்ளிப் பிள்ளைக்கும், தள்ளாடி நடக்கிற பெரியவருக்கும், பயந்த நாயைப் பிடித்து வருகிறவருக்கும் சேர்ந்தே உதவும். அதை ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து சொல்லவும் செய்தேன்.

எங்கள் தெரு கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பு "கடிக்குமா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே கிட்டே வந்த பிள்ளைகள் இப்போது தொலைவில் நின்று "அக்கா, இந்தப் பக்கமா வரட்டுமா, அந்தப் பக்கமா வரட்டுமா?" என்கிறார்கள். நாயின் கண்ணை முறைத்துப் பார்க்கக் கூடாது, ஓடக் கூடாது, மரமாக நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். எதிர் வீட்டுப் பெண் கதவைச் சாத்துவதில்லை. வாசலில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நான் மறு ஓரமாகப் போகிறேன். செவலை இன்னமும் சில நாள் குரைக்கிறான். வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் குரைப்பான். கோயில் வாசல் நாயாக அவன் ஆகப் போவதில்லை. ஆக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. அவனுக்குத் தாங்குகிற தூரத்தை நான் கொடுக்கிறேன், அந்தத் தூரம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கி வருகிறது.

நாலு வீடு தள்ளி ஒரு தம்பி புதிதாகக் குட்டி வாங்கி வந்திருக்கிறான். சிப்பிப்பாறை, எட்டு வாரம். ஊசி முடிகிற வரைக்கும் வெளியே விடக் கூடாது என்று யாரோ சொன்னதால் வீட்டிலேயே பூட்டி வைத்திருந்தான். "தரையில விடாத தம்பி, சரிதான். ஆனா கையில தூக்கிக்கிட்டு வெளிய வா" என்றேன். டவலில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு ஓரம் நில்; லாரி போகட்டும், குடை போகட்டும், உருமால் போகட்டும், பிள்ளைகள் கத்தட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு முட்டை. பயந்து தலையைப் புதைத்தால் பின்னால் போ. "எத்தினி நாளைக்கு அக்கா?" என்றான். இன்னும் நாலு வாரம், ஒரு நாளும் தவறவிடாதே என்றேன். மறுநாள் சாயங்காலம் அவன் குட்டியோடு சர்வீஸ் ரோட்டில் நிற்பதைப் பார்த்து, நானும் போய்ப் பக்கத்தில் நின்று முட்டையை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நம் தெருவில் அடுத்து வளர்கிற நாய் பயமில்லாமல் வளர, செலவு ஒரு முட்டையும் அரை மணி நேரமும்தான். அதை ஊரில் குட்டி வாங்குகிற எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.